ஆடுகளுக்கு இடம் விட்ட ஊர்

இங்கிலாந்தின் வடபாகத்தில், யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் என்னும் சுண்ணாம்புக் குன்றுகளின் மடிப்பொன்றில், கூரையிழந்து நிற்கும் புனித மார்ட்டின் ஆலயத்தையும், அதற்கு மேலே சரிவெங்கும் புல் மூடிக் கிடக்கும் மேடு பள்ளங்களையும் காண்போர், அம்மேடுகள் குடியானவர் வீட்டுச் சுவர்களின் அடி என்றும், அப்பள்ளங்கள் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் நடந்து தேய்ந்த தெருக்கள் என்றும் சொன்னாலொழிய அறியமாட்டார்கள். வாரம் பெர்ஸி என்பது அவ்வூரின் பெயர். பெயரின் பின்பாதி, அதை ஆண்ட பெர்ஸி என்னும் பிரபு வம்சத்தாருடையது.

இவ்வூர் பாழானதற்கு 1348-49ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயே காரணம் என்று நெடுங்காலம் பேசிவந்தார்கள். நோய் பலரை வாரிக்கொண்டு போனது மெய்தான். எனினும் அது ஓய்ந்த பின்னரும் ஏறக்குறைய 30 வீடுகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உழுவதற்கு ஆள் குறைந்து கூலி ஏற, கம்பளியோ நல்ல விலைக்குப் போக, பல குடும்பங்கள் ஏர் பூட்டிய நிலத்தைக் காக்க ஒரு மேய்ப்பனும் அவன் நாயும் போதும் என்று நிலப்பிரபுக்கள் கணக்கிட்டதே அவ்வூரின் விதியை நிர்ணயித்தது. 1500ஆம் ஆண்டை ஒட்டி எஞ்சிய குடிகளும் வெளியேற்றப்பட்டனர். 1517இல் அரசாங்கம் நடத்திய விசாரணையில், நான்கு வீடுகள் இடிந்தன, நான்கு ஏர்கள் நின்றன என்று மட்டுமே எழுதிவைத்தார்கள். ஓர் ஊரின் மரணத்துக்கு இத்தனை சுருக்கமான சாசனம் என் மனத்தை மிகவும் வருத்துகிறது.

ஆலயம் மட்டும் அண்டை ஊராரின் பொருட்டு இருபதாம் நூற்றாண்டு வரை பிழைத்திருந்தது. ஜனம் குறையக் குறையப் பக்க மண்டபங்களை இடித்து வளைவுகளைக் கல்லால் அடைத்திருக்கிறார்கள். அந்த அடைப்புகளே ஊர் சுருங்கிய கதையைச் சொல்கின்றன.

1948இல் அங்கு வந்த சரித்திர ஆசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும், அவரோடு சேர்ந்த தொல்பொருள் அறிஞர் ஜான் ஹர்ஸ்டும், 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அந்த மண்ணை அகழ்ந்தார்கள். ஆலயத்திலும் அதன் இடுகாட்டிலும் கிடைத்த சுமார் 700 எலும்புக்கூடுகளில் குழந்தைகளுடையவை, இக்காலக் குழந்தைகளோடு ஒப்பிட, வளர்ச்சி குன்றியிருந்தன. அத்தகைய வறுமையில் வாழ்ந்தவர்களின் வீட்டுத் தரைகளோ, நாள்தோறும் துடைப்பம் பட்டுப் பட்டு, நடுவே குழிந்து போயிருந்தன.