பாறையின் நெற்றியில் ஒரு கோடு

மதுரைக்கு வடகிழக்கேயுள்ள மாங்குளத்து மலை பெரிய மலையன்று. ஆயினும் தடத்தை விட்டு விலகி, உருண்டைப் பாறைகளின் இடுக்குகளில் தொற்றி ஏறுபவருக்கே அதன் வரலாறு பிடிபடும். ஒதுங்க இடந்தரும் பாறைகள் அங்கே பல. ஆனால் மழை பெய்தால் நீர் பாறைமுகத்தில் வழிந்து உட்புறம் இறங்கிவிடும். சமண முனிவர் தங்கிய குகைத்தளங்களிலோ விளிம்புக்கு மேலே உளியால் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். நீர் அங்கே தடைப்பட்டு வெளியே சொட்டும். வெறும் பாறையைப் பள்ளியாக்கியது அந்தக் கோடுதான். உள்ளே கற்படுக்கைகள் கிடக்கின்றன.

கணி நந்தன் என்ற துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி அமைத்துத் தந்ததை அங்குள்ள பொறிப்பு கூறுகிறது. வெள்ளறை வணிகக் குழுவினரின் கொடையும் உண்டு. இவற்றை இராபர்ட் சிவெல் கண்டது 1882இல். ழ, ள, ற, ன எழுத்துகளைக் கொண்டு இவ்வகைப் பொறிப்புகளின் மொழி தமிழே என்று கே.வி.சுப்பிரமணிய ஐயர் நிறுவியது 1924இல். நெடுஞ்செழியன் பெயரை ஐராவதம் மகாதேவன் இனங்கண்டது 1965இல். எண்பத்து மூன்று ஆண்டுகள்! அரசன் பெயர் அத்தனை காலம் வெயிலில் காத்திருந்தது.

எழுத்துள்ள பாறையை மட்டும் வேலியிட்டுக் காப்பது போதாது என்பேன். எழுத்தற்ற அண்டைப் பாறைகளைப் பார்த்த பிறகே காடியின் அருமை தெரிகிறது. பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024இல் முடிந்தது. ஊர்மக்கள் திரண்டு போராடிய பின் 2025 சனவரியில் கைவிடப்பட்டது.