வாக்கர்னா நடக்கிறவரா?

வாக்கர்னு பேர் வச்சவங்க எல்லாம் நல்லா நடப்பாங்களோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ஜானி வாக்கர் பாட்டில்ல தொப்பியும் கைத்தடியுமா ஒருத்தர் விறுவிறுன்னு நடந்து போறாரே, அதைப் பார்த்தா யாருக்குமே அப்படித்தான் தோணும். அந்தப் படம் 1908-ல் வரைஞ்சது. பேரோட கதை அதைவிடப் பல நூறு வருஷம் பழசு.

நடக்கிறது உண்மைதான். ஆனா ரோட்டுல இல்லீங்க, தொட்டிக்குள்ள!

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், நெசவும் நெருக்கமா இருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, தண்ணியோட பழைய மூத்திரமும் ஒரு வகைக் களிமண்ணும் சேர்த்து மணிக்கணக்கா மிதிக்கணும். மூத்திரத்தில் இருக்கிற அமோனியா பிசுக்கை எடுக்கும். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்னோட ஒன்னு பின்னி, துணி சுருங்கி கெட்டியாகும். அந்தக் களிமண் வேற எதுவும் இல்லை, நம்ம வீடுகள்ல முகத்துக்குப் பூசுற முல்தானி மட்டி வகைதான்.

இந்த வேலைக்கு இங்கிலாந்தில் பகுதிக்கு ஒரு பேர். வடக்கிலும் மத்தியிலும் வாக்கர். தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். டெவன் மாதிரி தென்மேற்குப் பக்கம் டக்கர். மூணும் ஒரே தொழில்தான்!

இதுல ஒரு வேடிக்கை. 12-ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ளயே தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடுற மரச் சம்மட்டிகள் வந்து, காலுக்கு ஓய்வு கொடுக்க ஆரம்பிச்சிடுச்சு. சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப் பேர் நிலைச்சதோ பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகள்ல. அதனால முதல் வாக்கர்கள்ல சிலர் தொட்டிக்குள்ள இறங்காமலே, ஆலையைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கலாம். தொழில் மாறியும் பேர் மாறலை.

அந்தப் பேர் கடல் தாண்டியும் போச்சு. அமெரிக்காவில் அடிமைகளா இருந்த கறுப்பின மக்கள்ல நிறைய பேருக்கு எஜமானர்களோட ஆங்கிலப் பேர்தான் ஒட்டிக்கிச்சு. 'தி கலர் பர்ப்பிள்' நாவலுக்காக 1983-ல் புலிட்சர் பரிசு வாங்கின ஆலிஸ் வாக்கர், கல்யாணத்துக்கு அப்புறமும் பிறந்த வீட்டுப் பேரையே வச்சுக்கிட்டாங்க. அதுக்கு அவங்க சொன்ன காரணம், ஒரு நடை. அவங்க வம்சத்துப் பாட்டி ஒருத்தங்க, அடிமையா, இடுப்புல ரெண்டு குழந்தைகளோட வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியா வரைக்கும் நடந்தே வந்தாங்களாம்.

தொட்டிக்குள்ள மிதிச்ச காலுக்கு ஊர் வச்ச பேர் அது. இந்தப் பாட்டியோட காலுக்கு அப்படி யாரும் பேர் வைக்கலை. பேத்திதான் பழைய பேரை எடுத்து, புது அர்த்தத்தைக் கொடுத்தாங்க.

இனிமே யாராவது வாக்கர்னு சொன்னா, நான் முதல்ல அவங்க காலைத்தான் பார்ப்பேன் :-)