1949-இல் ஒரு கல்யாணமும், நம் குழுவில் நடந்த சண்டையும்

 

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஓர் அரசியல்வாதியின் அந்தரங்கப் படத்தை யாரோ போட, இரண்டு நாள் சண்டை. "தலைவன் வீட்டிலும் யோக்கியனாக இருக்க வேண்டாமா?" என்று ஒரு பக்கம். "அது அவர் சொந்த விஷயம்" என்று மறுபக்கம். கடைசியில், "வரலாறு நடத்தியவர் நீங்கள்தானே, சொல்லுங்க சார்" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள். படத்தை நான் திறக்கவில்லை. பதிலுக்கு ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன்.

1949 மே மாதம். நம் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு கவர்னர் ஜெனரல் ராஜாஜி வந்திருந்தார். பெரியார் அங்கே போய் அவரைச் சந்தித்தார். என்ன பேசினார்கள் என்று ஊரெல்லாம் ஊகம். ஜூலை 9-ஆம் தேதி பெரியாருக்கும் மணியம்மையாருக்கும் பதிவுத் திருமணம். அவருக்கு வயது 69. அம்மையார் சுமார் 40 வயது இளையவர்.

பொருந்தாத் திருமணத்தை மேடைதோறும் கண்டித்த இயக்கம் அது. அதன் தலைவரே இப்படிச் செய்யலாமா என்று தொண்டர்கள் துடித்தார்கள். இயக்கத்துக்கும் அதன் சொத்துக்கும் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும், அதற்கான ஏற்பாடு இது என்றார் பெரியார். அண்ணாவும் மற்றவர்களும் ஏற்கவில்லை. 1947 ஆகஸ்ட் 15 துக்க நாளா, இன்ப நாளா என்பதிலேயே இருவருக்கும் விரிசல் இருந்தது. இப்போது அது உடைந்தது. செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்த நாளிலேயே, திமுக பிறந்தது. விலகியவர்களைப் பெரியார் 'கண்ணீர்த்துளிகள்' என்று கேலி செய்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை வகுப்பில் கொஞ்சம் மசாலா சேர்த்தே சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். விடுதியில் தங்கிப் படித்த கல்வராயன் மலைப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, "அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு யாரும் கேக்கலியா சார்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அன்று எனக்கு வந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 1973-இல் பெரியார் மறைந்த பின், 1978-இல் தான் இறக்கும் வரை திராவிடர் கழகத்தை நடத்தியவர் அந்த அம்மையார். 1974-இல் சென்னையில் இராவண லீலா நடத்தியவர். ஏளனம் செய்தவர்கள் நினைத்தபடி அவர் நடக்கவில்லை.

1949-இல் இரண்டு விதமான கேள்விகள் எழுந்தன. வயதைப் பற்றி, படுக்கையறையைப் பற்றி ஒரு விதம். அது வம்பு. சொன்னபடி தலைவர் நடக்கிறாரா, தொண்டர் தந்த காசு யார் பெயரில் இருக்கும், அடுத்த தலைமையை ஒருவர் மட்டும் முடிவு செய்யலாமா என்பது இன்னொரு விதம். அது பொதுக் கேள்வி. கேட்டே ஆக வேண்டும். அதைக் கேட்டதால் அண்ணா சிறுமைப்படவில்லை. 1967-இல் வென்றதும் திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பும் தந்தார். வம்பு பேசிப் பிரிந்திருந்தால் அந்த வாசற்படியை மிதித்திருக்க முடியுமா?

ஆகவே என் பதில் இது. பதவியை வைத்து ஒரு பெண்ணை மிரட்டினாரா? அது சொந்த விஷயமே அல்ல, குற்றம். அரசுப் பணம் போனதா? வேண்டியவருக்கு வேலையோ ஒப்பந்தமோ கொடுத்தாரா? ஊருக்கு உபதேசித்துவிட்டுத் தான் வேறாக நடந்தாரா? விடாமல் கேளுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் மிச்சத்தை அவர் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சாராயம் விற்றது ஊருக்குத் தெரிந்தே நடந்தது. யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று நாம் முன்கூட்டியே கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நம் குழுவில் இரண்டு நாள் சண்டை நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தப் படத்தில் ஒரு பெண்ணும் இருக்கிறாளாம். அவள் யாரிடமும் ஓட்டுக் கேட்டு வரவில்லை. போட்டவர் யாரோ, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்