மகப்பேறுசார் இதயத்தசை நோய்

மகப்பேறுசார் இதயத்தசை நோய் (பெரிபார்ட்டம் கார்டியோமையோபதி) என்பது கருவுற்ற காலத்தின் இறுதியிலோ குழந்தை பிறந்ததைத் தொடர்ந்து வரும் மாதங்களிலோ பெண்ணின் இதயத்தசை வலுவிழப்பதால் ஏற்படும் இதயச் செயலிழப்பு ஆகும். முன்னர் இதயநோய் ஏதும் இல்லாதவர்களுக்கும் இது ஏற்படலாம். இதயச் செயலிழப்புக்கு வேறு காரணம் காணப்படாத நிலையிலேயே இப்பெயர் வழங்கப்படுகின்றது. பெரும்பாலானோரில் இந்நோய் மகப்பேற்றுக்குப் பின்னரே கண்டறியப்படுகின்றது.

அறிகுறிகள்

மூச்சுத்திணறல், களைப்பு, கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு, இரவில் இருமல் ஆகியன முக்கிய அறிகுறிகள். இவற்றுட் சில பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களுக்கும் ஓரளவு இயல்பானவை. உறக்கமின்மையால் வரும் சோர்வு என்று தாயும் குடும்பத்தாரும், சில வேளைகளில் மருத்துவரும் கருதிவிடுவதால் நோயறிதல் தாமதமாகின்றது. மல்லாந்து படுக்க முடியாமை, மூச்சு முட்டி நள்ளிரவில் விழித்தல், வீக்கம் குறையாமல் கூடிவருதல் ஆகியவை இயல்பான சோர்வின் அடையாளங்கள் அல்ல. இவை தோன்றினால் உடனே மருத்துவரை நாடவேண்டும்.

கண்டறிதல்

எக்கோ எனப்படும் மீயொலி இதயச் சோதனையே முதன்மையானது. இடது கீழறை நிரம்பிய குருதியில் எத்தனை விழுக்காட்டை ஒரு துடிப்பில் வெளித்தள்ளுகின்றது என்பதை இது அளக்கின்றது. நலமான இதயத்தில் இது ஏறத்தாழ 55 விழுக்காடும் அதற்கு மேலும் ஆகும். இந்நோயில் பொதுவாக 45 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்.

காரணங்கள்

நோயின் காரணம் முழுமையாக அறியப்படவில்லை. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் இயக்குநீர் பிளவுற்று உண்டாகும் ஒரு துண்டு, இதயத்தின் நுண்குழாய்களைச் சிதைக்கக்கூடும் என 2007இல் செருமானிய ஆய்வாளர்கள் காட்டினர். சிலரில் மரபணு மாற்றங்களும் காணப்படுகின்றன. முன்சூல்வலிப்பு, உயர் குருதி அழுத்தம், இரட்டைக் கரு, 30 வயதைக் கடந்து கருவுறுதல் ஆகியன இடரைக் கூட்டுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 1,000 முதல் 4,000 மகப்பேறுகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் இந்நோய், எயிட்டியிலும் வட நைசீரியாவிலும் பன்மடங்கு மிகுதியாக உள்ளது.

சிகிச்சை

சிறுநீர்ப் பெருக்கிகள், பீட்டா தடுப்பிகள், இதயத்தின் சுமையைக் குறைக்கும் மருந்துகள் ஆகியன தரப்படுகின்றன. இவற்றுட் சில கருவுக்குத் தீங்கானவை ஆதலால் மகப்பேற்றுக்குப் பின்னரே பயன்படும். எனலாப்பிரில் போன்றவற்றைப் பாலூட்டும் தாயும் உட்கொள்ளலாம். புரோமோகிரிப்டின் புரோலாக்டினைத் தடுப்பதால் சில நாடுகளில் வழங்கப்படுகின்றது. ஆனால் அது பால் சுரப்பை நிறுத்திவிடும். குருதி உறையும் இடரும் இருப்பதால் அதனுடன் உறைவெதிர் மருந்தும் தரப்படும்.

நோயுடன் வாழ்தல்

உப்பைக் குறைத்தல், நாள்தோறும் உடல் எடையைக் குறித்துவைத்தல், மருந்தைத் தவறாது உட்கொள்ளல் ஆகியன இன்றியமையாதவை. ஓரிரு நாளில் எடை திடீரெனக் கூடினால் உடலில் நீர் தேங்குகின்றது எனப் பொருள். நலம் பெற்றதாக உணர்ந்தாலும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

கைக்குழந்தையைப் பேணவேண்டிய காலத்திலேயே தாய் நோயாளியாவதால் அச்சமும் மனச்சோர்வும் குற்றவுணர்வும் ஏற்படுவதுண்டு. இரவில் குழந்தையைப் பிறர் கவனித்துக்கொள்வது, தாய்க்கு ஓய்வு தருவது, தேவையெனில் மனநல உதவி பெறுவது ஆகியனவும் சிகிச்சையின் பகுதிகளே.

மீண்டும் கருவுறுதல்

பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இதயம் இயல்பு நிலைக்குத் திரும்புகின்றது. எனினும் அடுத்த கருவுறுதலில் நோய் மீளலாம். 2001இல் வெளியான, 44 பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வில், இதயம் தேறிய பின் கருவுற்றோரில் 21 விழுக்காட்டினருக்கும் தேறாத நிலையில் கருவுற்றோரில் 44 விழுக்காட்டினருக்கும் இதயச் செயலிழப்பு அறிகுறிகள் தோன்றின. தேறியோரில் எவரும் இறக்கவில்லை; தேறாதோரில் 19 விழுக்காட்டினர் இறந்தனர். ஆகவே இதயம் தேறாதவர்கள் மீண்டும் கருவுறுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். தேறியவர்களும் இதயநோய் மருத்துவரைக் கலந்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும். நோயின் தொடக்க மாதங்களில் ஈசுத்திரோசன் கலந்த கருத்தடை மாத்திரைகள் குருதி உறைவைத் தூண்டக்கூடும் என்பதால், கருப்பையுள் வைக்கும் சாதனம் போன்ற முறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

இதயச் செயலிழப்பு
முன்சூல்வலிப்பு
மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு