அவரவர் இஷ்டம்

ஜப்பானிய மொழியில் 'ஒகோனோமி' என்றால் 'உங்கள் இஷ்டம்' என்று பொருள். 'யாகி' என்றால் சுட்டது. 'ஒகோனோமியாகி' என்பது கோதுமை மாவு, முட்டைக்கோசு, இறைச்சி எல்லாம் சேர்த்து இரும்புக் கல்லில் வார்க்கும் ஓர் அடை. வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் இந்தப் பெயர். ஆனால், ஹிரோஷிமா நகரத்தில் அது சாப்பாடாக வளர்ந்தது, ஒருவருடைய இஷ்டமும் செல்லாத காலத்தில்தான்.

யுத்தத்துக்கு முன்னால் அதன் மூதாதைக்கு 'ஒரு சென் மேல்நாட்டுச் சாப்பாடு' என்று பெயர். யென்னில் நூற்றில் ஒரு பங்கு சென். மாவை நீர்க்கக் கரைத்து, மெல்லிசாக வார்த்து, வெங்காயத்தாள் தூவி, ஸாஸ் தடவி மடித்துக் கொடுப்பார்கள். மிட்டாய்க் கடையில் குழந்தைகள் வாங்கித் தின்னும் பண்டம். பெரியவர்கள் அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

1945-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் மாண்டார்கள். மிஞ்சியவர்களுக்கு அரிசி கிடைக்கவில்லை. உதவியாக அமெரிக்கக் கோதுமை மாவு வந்தது. குண்டு போட்ட தேசத்தின் மாவு! வேண்டாம் என்று ஒதுக்க முடியுமா? ரோஷத்துக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

குழந்தைகளின் தின்பண்டம் இப்படித்தான் பெரியவர்களின் ஆகாரமாயிற்று. மலிவான முட்டைக்கோசு வெங்காயத்தாளின் இடத்தைப் பிடித்தது. முளைப்பயறு, பன்றி இறைச்சி, நூடில்ஸ், முட்டை என்று காலப்போக்கில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒஸாகாக்காரர்கள் எல்லாவற்றையும் மாவோடு கலந்து வார்ப்பார்கள். ஹிரோஷிமாவில் மாவைத் தனியே வார்த்து, மற்றவற்றை அதன்மேல் அடுக்கிக்கொண்டே போவார்கள். ஸாஸ் தண்ணீராக இருந்து கல்லில் வழிந்தோடியதால், அந்த ஊர் ஒட்டாஃபுகு கம்பெனி 1952-இல் இதற்கென்றே கெட்டியான ஸாஸ் ஒன்றைச் செய்தது.

யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் பலர் வீட்டு முன்னறையில் கல்லைப் போட்டுக் கடை நடத்தினார்கள். ஜப்பானில் வேண்டியவர்களைச் செல்லமாகக் கூப்பிடும்போது பெயருக்குப் பின்னால் 'சான்' என்று சேர்ப்பார்கள். அந்த ஊரில் இத்தனை கடைப் பெயர்கள் 'சான்' என்று முடிவதற்கு இந்தப் பெண்களே காரணம் என்று சொல்வதுண்டு. கடையை வைத்தவளின் செல்லப் பெயரே கடைக்கும் பெயராகிவிட்டது. ஷின்டென்சி வட்டாரத்திலோ தெருவோரக் கடைகள் வரிசையாக முளைத்தன. அவற்றின் வாரிசுகள் 'ஒகோனோமி கிராமம்' என்ற கட்டடத்தில் மாடிக்கு மாடி இருக்கின்றன.

இன்று அங்கே போகிறவர் கல்லுக்கு எதிரிலேயே உட்காருகிறார். வெந்ததைச் சிறு தோசைத்திருப்பி போன்ற கரண்டியால் வெட்டி, கல்லிலிருந்தே சுடச்சுடச் சாப்பிடுகிறார். மாவை வார்க்கும்போதே கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: "உள்ளே ஸோபாவா, உடோனா?" மெல்லிய நூடில்ஸா, தடித்ததா என்று அர்த்தம். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் அது அன்றாடப் பேச்சு. முதன்முதலில் அந்தக் கல்லின் முன் பசியோடு நின்றவர்களை அப்படி யாரும் கேட்டிருக்க முடியாது. பண்டத்தின் பெயருக்கு அர்த்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது.