மறைத்த நோயின் வரலாறு

காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளி. ஆற்றைக் கடந்தால் ஸ்ரீரங்கம். பாலக்கரையில் வாழும் முஸ்லிம் குடும்பத்திற்கும் உத்தர வீதியில் வாழும் வைணவக் குடும்பத்திற்கும் உடை வேறு, வழிபாடு வேறு. ஆயினும் ஒரு பழக்கத்தில் இரண்டும் ஒன்றே. மார்பில் ஒரு கட்டி தோன்றினால், அதை வாய்விட்டுச் சொல்லாமல் மறைத்து வைக்கும் பழக்கம் அது. நாணம் நற்பண்பே; ஐயமில்லை. ஆனால், நாணத்தின் பெயரால் நோய்க்கு இடங்கொடுப்பதும் நற்பண்பாகுமா? வரலாற்றின் துணைகொண்டு விடை தேடுவோம்.

பத்தாம் நூற்றாண்டில், ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரின் அருகே வாழ்ந்தவர் அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. 30 பகுதிகள் கொண்ட தமது ‘தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலில் அவர் புற்றைப் பற்றியும் எழுதினார். நோய் தொடக்க நிலையில், மார்பகம் போன்று முழுமையாக அகற்றக்கூடிய இடத்தில் இருந்தால் அறுத்தெடுக்கலாம். நாட்பட்டுப் பெருத்துவிட்டால் அதனை நெருங்கலாகாது என்பது அவர் கருத்து. முற்றிய நோயைத் தாம் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்தியவரைக் கண்டதுமில்லை என்றும் அம்மேதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். இந்நோயில் காலமே உயிர் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

ஆனால், கண்ணுக்குத் தெரியாத நோயை முன்கூட்டியே அறிவது எவ்வாறு? 1913ஆம் ஆண்டில் பெர்லின் மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுவையில் அகற்றிய சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே படமெடுத்து ஆராய்ந்தார். அதிலிருந்து வளர்ந்ததே மேமோகிராம். 1963இல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கிற்று. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் நேரும் மரணம் குறைந்ததை அது காட்டிற்று.

நம் பகுதிக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. திருச்சிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சைவிட்டு அகலவேயில்லை. அத்துயரமே 1954இல் சென்னை அடையாற்றில், 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. மறுஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார்.

மேமோகிராம் கருவி எல்லா ஊரிலும் இல்லையே என்று கேட்கலாம். அதற்கும் விடை உண்டு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயதுவரையுள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடையே ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. அவர்களுள் ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்களே இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். முடிவு 2021இல் வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றுமுன்பே அறியப்பட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் அத்தகைய குறைவு தென்படவில்லை. பெண்ணைப் பெண்ணே பரிசோதிக்கும் இம்முறையில் நாணத்திற்கும் பழுதில்லை. உயிருக்கும் காவல் உண்டு.

தமிழ்நாட்டிலும் 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனை இலவசமாக உண்டு. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. எனினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. கதவு திறந்திருந்தும் வருவோர் சிலரே. பெண்களை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலை, துணைக்கு வர ஆளில்லாமை, பரிசோதிப்பவர் ஆணோ பெண்ணோ என்ற அச்சம் இவையனைத்தும் தடைகளே. இவற்றை நீக்கும் பொறுப்பு குடும்பத்திற்கும் சமுதாயத்திற்கும் உண்டு.

இந்நோய் பெண்களுக்கு மட்டும் உரியது என்பதும் தவறு. மார்பகப் புற்று கண்டவர்களுள் நூற்றில் ஒருவர் அளவில் ஆண்களும் உளர். நோய் இல்லாத ஆண்கள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கட்டியோ, காம்பு உள்ளிழுத்தலோ, இரத்தக் கசிவோ தோன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். ‘பெண்கள் நோய்க்கு நான் போவதா?’ என்று தயங்கும் ஆண், நோய் முற்றிய பின்னரே வருகிறார். 1995இல் கண்டறியப்பட்ட ‘பிராக்கா 2’ என்னும் மரபணுவின் பழுது, அத்தா வழியாகவும் மகளுக்கும் மகனுக்கும் வரக்கூடும். ஆகவே அத்தாவின் குடும்பத்தில் யாருக்கு இந்நோய் வந்தது என்பதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தியே.

ஆயிரம் ஆண்டு வரலாறு நமக்கு உரைப்பது ஒன்றே: முந்தியவர் பிழைக்கிறார், பிந்தியவர் வருந்துகிறார். இன்றிரவு உணவுக்குப் பின், வீட்டுப் பெரியவர்களிடம் இச்செய்தியைப் பேசுவோம். ‘அம்மா, நாளை நாங்கள் துணைக்கு வருகிறோம்’ என்று பிள்ளைகள் சொல்லும் ஒரு சொல், ஒரு தாயின் ஆயுளைக் காக்கக்கூடும்.