வசைச்சொல்

அவையில் உரைக்கத் தகாததென்று ஒரு சமூகம் விலக்கிவைத்த சொல். தமிழில் இதன் சரித்திரத்தை இலக்கண நூலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கின்றது. இத்தகைய சொற்களை 'அவையல்கிளவி' எனக் குறித்து, மறைத்துக் கூறும்படி எச்சவியலில் விதித்த தொல்காப்பியர், நெடுங்காலம் வழங்கி மரபாகிவிட்டவற்றை மறைக்க வேண்டுவதில்லையென்று விலக்கும் அளித்தார்; ஆதலின் பசுவின் சாணமாகிய 'ஆப்பி'யையும் 'ஆட்டுப் பிழுக்கை'யையும் உரையாசிரியர்கள் கூசாமல் உதாரணங்காட்டினர். சொல்லை இழிவாக்குவது வழக்கேயன்றிப் பொருளின் அசுத்தமன்று என்னும் நுட்பம் அவ்விலக்கில் அடங்கியுள்ளது. பின்வந்த பவணந்தி முனிவர் நன்னூலில், மறைத்துக் கூறும் இம்முறையை 'இடக்கரடக்கல்' என்று தகுதி வழக்கின் பாற்படுத்தினார். வசையைக் கலையாகவே பயின்ற காளமேகப் புலவர் இவ்விதிகளை அதிகம் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பல் மருத்துவ மாணவரும் சரக்குவண்டி ஓட்டுநரும் ஒரே நெடுஞ்சாலையில் இறங்கிச் செல்லும், சென்னையை அடுத்த வேலப்பன்சாவடியில் சற்றுநேரம் செவிகொடுத்து நிற்பவர்க்கு அந்நுட்பம் எளிதில் விளங்கும். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ச்சுனனின் மனத்தளர்ச்சியைக் குறித்த 'கச்மலம்' சென்னைத் தமிழில் 'கஸ்மாலம்' என்னும் ஏச்சாயிற்று; நேர்மையற்றவனென்று பொருள்படும் பாரசீகத்துப் 'பேமானி'யோ, பகைவனிடம் வசையாகவும் சிநேகிதனிடம் செல்லமாகவும் வழங்குகின்றது.

பொதுவிடத்தில் பிறர்க்கு எரிச்சலுண்டாக ஆபாசச்சொல் உரைப்பார்க்கு 3 மாதம் வரை சிறை விதித்த 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்து 294-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவாக நிலவுகின்றது. இதனினும் பெரிய மாறுதல் வேறொன்று. உடலுறுப்பையும் கழிவையுமே கருதிய பழைய கூச்சம் தீண்டாதிருந்த சாதி ஏச்சு, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தாலும் அதன் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தண்டனைக்குரியதாயிற்று.

வகுப்பறையின் நிலை விசித்திரமானது. இடக்கரடக்கலுக்குக் காட்டப்படும் 'கால் கழுவி வந்தான்' என்னும் உதாரணத்தை மாணாக்கர் மனனஞ்செய்கின்றனர். அதனுள் மறைந்திருப்பது யாதென்று வினவுவோனை ஆசிரியர் அமர்த்திவிடுகின்றார். சங்கப் பாடல்களில் இயல்பாக வரும் 'அல்குல்' என்பதை 'இடை'யென்று மழுப்பிக் கடப்பாரும் உளர். இஃது இலக்கணத்தின் பெயரால் இலக்கியத்திற்குச் செய்யும் அநியாயம் என்றே கூற வேண்டும். அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன் இக்கூச்சத்தை விசாரித்து 'கெட்ட வார்த்தை பேசுவோம்' என்னும் கட்டுரை நூலை எழுதினார். பள்ளிப்படிப்பு முற்றாதவரும் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக அமர்ந்தவருமாகிய கி. ராஜநாராயணன், கிராமத்தாரிடம் வழங்கிய பாலியற் கதைகளைத் தொகுத்து 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்னும் தலைப்பில் அச்சேற்றினார்.